ஏழு கன்று, 2,600 ரூபாய்

2012 ஆடி மாதம், ஒரே நாளில், ஒரே கடையில் ஏழு பழக்கன்றுகள் வாங்கினேன். கன்றுகளுக்கு 2,600 ரூபாய், ஏற்றி வந்த டாட்டா ஏஸுக்கு 600. இன்றைக்கு அந்த ஏழில் மூன்று நன்றாகக் காய்க்கின்றன. ஒன்று நான் வாங்காத வேறொரு மரமாக மாறி நிற்கிறது. மற்ற மூன்றும் இல்லை. காய்க்கிற மூன்றுக்கும் சேர்த்து நான் கொடுத்த விலை 240 ரூபாய்தான். மீதி 2,360 ரூபாய் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெயிலையும் வெள்ளத்தையும் காரணம் காட்டிவிட்டுப் போய்விடலாம். பத்து வருஷமாக நானும் வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் செத்த ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்துப் பார்த்தபோது, பாதி விடை வாங்கிய அன்றே அந்தக் கறுப்புப் பைக்குள் இருந்திருக்கிறது. நான் பைக்கு மேலே இருந்ததை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

இடத்தைப் பற்றி முதலில். தாம்பரத்துக்கு மேற்கே, அடையாறு ஓடும் பக்கம், ஒரு கிரவுண்ட் மனை. வீடு போக, தெற்கே பன்னிரண்டடி அகலத்தில் ஒரு நீளத் துண்டும் பின்பக்கம் சின்னக் கொல்லையும் மிச்சம். அடியில் களிமண். மேலே இரண்டடிக்கு வீடு கட்டியபோது கொட்டிய சரளை, உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி. போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் மாட்ட வந்த பையன், கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை வைத்து 1,400 என்று காட்டினான். இதெல்லாம் கன்று வாங்கும் முன்பே எனக்குத் தெரியும். இதற்கும் பழ மரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் தெரியாது.

வாங்கியவை: இமாம் பசந்த் என்று சீட்டுக் கட்டிய மா ஒட்டு 150 ரூபாய், சப்போட்டா ஒட்டு 120, எல்-49 ரகக் கொய்யா பதியன் 60, பலா 40, எலுமிச்சை 30. இதோடு நிறுத்தியிருந்தால் 400 ரூபாயில் முடிந்திருக்கும். கடை வாசலில் சிவப்பு ரம்புட்டான் படம் தொங்கியது, கன்று 400. அதற்குப் பக்கத்தில் பெரிய பையில் ஆறடி உயர ‘ஆல் சீசன்’ மா ஒன்று, ஆறு காயோடு நின்றது. 1,800 ரூபாய். அம்மா காயைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், வண்டியில் ஏறிவிட்டது.

காயோடு வந்த மா

முதலில் போனது அதுதான். நட்ட பத்து நாளில் ஆறு காயும் உதிர்ந்தன. இடம் மாறினால் காய் உதிரும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள், அதனால் கவலைப்படவில்லை. மூன்றாம் வாரம் இலைகள் பச்சை நிறம் போகாமலே சுருண்டு மொறுமொறுவென்று ஆயின. ஒன்றுகூட உதிரவில்லை. மரம் மெதுவாக நோயில் சாகும்போது இலை பழுத்து விழும். வேர் திடீரென்று வேலையை நிறுத்தினால் இலை அப்படியே கிளையில் காய்ந்து தொங்கும். இது பின்னால் தெரிந்துகொண்டது. அன்று தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன்.

புரட்டாசியில் பிடுங்கினேன். ஒரு கையால் இழுத்ததும் வந்துவிட்டது. அடியில் பார்த்தால் கட்டைவிரல் கனத்தில் நாலு வேர்கள், நான்கும் மண்வெட்டியால் நறுக்கிய மாதிரி நேராக வெட்டுப்பட்டிருந்தன. நூல் போன்ற சல்லி வேர் ஒன்றுகூட இல்லை. வேரை ஒட்டி ஒரு பிடி சாம்பல் நிறக் களிமண், அதைச் சுற்றிப் பைக்குள் அடைத்த செம்மண். இரண்டும் கலக்கவே இல்லை. எங்கோ தரையில் வளர்ந்த மரத்தைக் காய்ப் பருவத்தில் தோண்டி எடுத்து, பையில் போட்டு, சுற்றிச் செம்மண் நிரப்பி, ஓரிரு வாரத்தில் விற்றிருக்கிறார்கள். காய் பழைய வேரின் சேமிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய மரத்தைப் பெயர்த்து நடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பெயர்த்தபின் காயைக் கிள்ளிவிட்டு, இலையில் பாதியைக் கழித்து, நிழலில் சில மாதம் பையிலேயே வைத்து, புது வேர் பையின் ஓரத்தைத் தொட்ட பிறகு விற்றால் பிழைக்கும். ஆனால் காய் இல்லாத, பாதி இலையோடு நிற்கிற மொட்டை மரத்துக்கு யார் 1,800 கொடுப்பார்கள்? நான் கொடுத்திருக்க மாட்டேன். கடைக்காரரைத் திட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

ரம்புட்டான்

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ரம்புட்டான் மலாய்த் தீவுகளின் மழைக்காட்டு மரம். நம் பக்கத்தில் கல்லாறு, பர்லியாறு, குற்றாலம், அப்புறம் கேரளத்தின் மலையடிவாரம் என்று, ஈரம் காயாத இடங்களில் வளர்கிறது. தாம்பரத்தில் கடல்காற்று மதியம் கடந்து வந்து சேரும். அதுவரை மேற்கிலிருந்து அடிப்பது அனல்தான். 2013 கத்திரி வெயிலில் இலை ஓரம் காப்பிப்பொடி நிறத்தில் கருகியது. உப்புத் தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

பிழைத்திருந்தாலும் பலன் சந்தேகம். அந்தக் கன்றின் தண்டில் ஒட்டுக் கட்டிய அடையாளமே இல்லை, அது கொட்டைக் கன்று. ரம்புட்டானில் ஆண் மரம் உண்டு. கொட்டையிலிருந்து வந்தது ஆணாக இருந்தால் வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றிப் பூவை மட்டும் பார்க்கலாம். அதனால்தான் விவரமானவர்கள் காய்க்கிற மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டிய கன்றைத்தான் வாங்குகிறார்கள். கடையில் நான் படத்தைத்தான் பார்த்தேன், தண்டைப் பார்க்கவில்லை.

சப்போட்டா, அல்லது அப்படி நினைத்தது

இந்த ஏழில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இதனிடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சப்போட்டாவை வணிகமாக வளர்க்கிறவர்கள் கொட்டை போட்டு வளர்ப்பதில்லை. கொட்டைக் கன்று காய்க்க வெகுகாலமாகும், காய் எப்படி இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எனவே பாலை மரத்தின் கன்றைக் கீழே வைத்து, நல்ல சப்போட்டா மரத்தின் கிளையை மேலே சேர்த்து ஒட்டுக் கட்டுகிறார்கள். பாலையும் சப்போட்டாவும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். பாலை வறட்சிக்கு அசையாது, உப்பையும் ஓரளவு தாங்கும். ஆனால் படு மெதுவாக வளரும். பென்சில் கனம் வருவதற்கே இரண்டு வருஷம் போல ஆகிவிடும். அந்தப் பாலைக் கன்றைத் தாய்மரத்தின் கிளை அருகில் வைத்து, இரண்டிலும் பட்டையைச் சீவி, சீவிய இடங்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டுவார்கள். சில மாதத்தில் கூடியதும் கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுத்தால் ஒட்டுக்கன்று. நெருக்கு ஒட்டு என்பது இதுதான்.

எனக்கு வந்த கன்றில் அந்தக் கட்டு அப்படியே இருந்தது. பால் நிற பிளாஸ்டிக் நாடா, தண்டில் ஐந்து அங்குல உயரத்தில், நாலைந்து சுற்று. அதை அவிழ்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது, ஏதோ பாதுகாப்புக்குக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போதாததற்கு, நட்ட பிறகு தண்ணீர் நிற்கட்டும் என்று தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து அந்தக் கட்டையும் மூடிவிட்டேன்.

தண்டு பருத்தது. நாடா பருக்கவில்லை. 2013 கோடையில் மேலே இருந்த சப்போட்டா இலைகள் வெளுத்து, நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. மண்ணை விலக்கிப் பார்த்தால் நாடா பட்டைக்குள் புதைந்திருந்தது, விரலில் சிக்கிப்போன மோதிரம் மாதிரி. அதற்கு மேலே தண்டு வீங்கியிருந்தது, கீழே ஒடுங்கியிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தேன். இரண்டு மாதத்தில் மேல்பாதி முழுக்கக் காய்ந்துவிட்டது. ஆனால் ஆடி மழைக்கு அடித்தண்டிலிருந்து செம்பு நிறத்தில் இரண்டு துளிர் வந்தன.

வீட்டில் ஒரே சந்தோஷம். ‘பிழைச்சுடுச்சு’ என்று அம்மா கற்பூரம் காட்டாத குறை. காய்ந்த மேல்பாதியை நானே வெட்டி எறிந்தேன். துளிரில் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி, வளர்கிறதை வேலி கட்டிக் காத்தேன்.

மூன்று வருஷம் அது சப்போட்டா என்றே நம்பினோம். வளர்ச்சி மெதுவாக இருந்தது, அதற்கும் மண்ணைக் குறை சொன்னோம். 2016-இல் பக்கத்து வீட்டு மாடிக்கு இலங்கையின் வவுனியாவைச் சேர்ந்த ஓர் அக்கா குடிவந்தார். பல வருஷமாகத் தமிழ்நாட்டில் இருக்கிறவர். ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடி ஓர் இலையைக் கிள்ளித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது என்ன மரம் எண்டு வச்சிருக்கிறியள்?”

“சப்போட்டாக்கா.”

“இல்லையே. இது எங்கட ஊர்ப் பாலை எல்லோ!”

அவர் காட்டிய பிறகுதான் இலையைப் பார்த்தேன். அதுவரை மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சப்போட்டா இலை இரண்டு பக்கமும் ஒடுங்கி நுனி கூராக முடியும். இது நுனிப்பக்கம் அகலமாகி, முனையில் கூரே இல்லாமல் உள்வாங்கி, நகத்தால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்ட மாதிரி இருந்தது. தடித்த, கரும்பச்சை, தோல் மாதிரி இலை. வன்னியில் பாலைப்பழ சீசனில் சுண்டு என்கிற அளவுப் பாத்திரத்தால் அளந்து விற்பார்கள் என்றும், வேப்பம்பழ அளவில் மஞ்சளாக, தேனாய் இனிக்கும் என்றும், தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்றும் அக்கா மதிலோரத்தில் அரைமணி நேரம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே மனதுக்குள் மூன்று வருஷத் தண்ணீர்க் கணக்குப் போட்டேன்.

ஆக நடந்தது இது. மேலே இருந்த சப்போட்டா செத்தது, கீழே வேர் கொடுத்த பாலை துளிர்த்தது, நான் அதைச் சீராட்டினேன். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிர் எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் கிள்ளி எறிய வேண்டியதுதான். மேல்பாதி உயிரோடு இருக்கும்போதே அதை விட்டுவைத்தால், அது சத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு ஒட்டைப் பட்டினி போட்டுவிடும். மாவில், எலுமிச்சை ஒட்டில், ரோஜாவில் எல்லாவற்றிலும் இதே கதைதான். ‘வாங்கினப்ப நல்ல ரோஸ், இப்ப காட்டு ரோஸா பூக்குது’ என்று சொல்கிறவர்கள் வீட்டில் நடந்ததும் இதுதான்.

ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே குறைந்தது அரையடி நிற்க வேண்டும், நட்ட பிறகு வருகிற அடுத்த தளிருக்குள் நாடாவை அறுத்து எடுக்க வேண்டும். இந்த இரண்டு வரியை யாராவது 2012-இல் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பலா

40 ரூபாய்க் கன்று, கொட்டை போட்டு முளைத்தது. நாலடி உயரம், சின்னப் பை. அவ்வளவு உயரத்தை அவ்வளவு சின்னப் பையில் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு ‘இவ்வளவு பெரிய கன்று 40 ரூபாய்க்கா’ என்ற சந்தோஷம்தான் வந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழையில், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கொல்லையில் நாலு நாள் நின்றது. வடிந்தபின் மா, கொய்யா, எலுமிச்சை எல்லாம் வாடி நிமிர்ந்தன. பலா மட்டும் பொங்கலுக்குள் முழுக்கப் பட்டுப்போனது. பலாவுக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது என்பது ஊரறிந்தது. அத்துடன் விட்டிருப்பேன். கட்டையைத் தோண்டும்போது மாமனார் கூட இருந்தார். அவர் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம். மாங்கன்று ஒட்டுக் கட்டுவதில் பேர் போன ஊர், அவரும் இளவயதில் ஒட்டுக் கட்டியவர்.

ஆணிவேரைக் கழுவிக் காட்டினார். பையின் அடியைத் தொட்ட இடத்தில் வளைந்து, பைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கு மாதிரி இறுகியிருந்தது. மூன்றரை வருஷம் மண்ணில் இருந்தும் அந்தச் சுற்றை விட்டு வெளியே இறங்கிய வேர் சுண்டுவிரல் கனம் ஒன்றே ஒன்று. “இது நட்ட அன்னிக்கே செத்தது மாப்பிள்ளை. வெள்ளம் வந்து சொல்லிட்டுப் போச்சு, அவ்வளவுதான்” என்றார். அவர் ஊரில் பலாக்கொட்டையை மரம் நிற்க வேண்டிய குழியிலேயே போட்டுவிடுவார்களாம். பலாவின் ஆணிவேர் இடைஞ்சலைப் பொறுக்காது. ஒட்டுப் பலா வாங்கினாலும் சின்னதாக, பையில் அதிக நாள் கிடக்காததாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வெள்ளத்தால் செத்ததா, வேரால் செத்ததா என்று என்னால் அறுதியிட முடியாது. நல்ல வேர் இருந்திருந்தாலும் நாலு நாள் தண்ணீரில் பலா செத்திருக்கலாம். ஆனால் மூன்றரை வருஷத்தில் அது ஒன்றரை அடிதான் வளர்ந்தது. அதற்கு வெள்ளம் காரணமில்லை.

காய்க்கிற மூன்று

இமாம் பசந்த் 2016-இல் முதல் தடவை ஒழுங்காகக் காய்த்தது. அதற்கு முன் வந்த பூவை எல்லாம் கிள்ளிவிட்டேன், மாமனார் உத்தரவு. மரம் முதல் மூன்று வருஷம் உடம்பை வளர்க்கட்டும் என்பார். இமாம் பசந்த் என்றால் ஒரு கையில் அடங்காத உருண்டைப் பழம், பழுத்தாலும் பச்சை போகாத மெல்லிய தோல். எங்கள் மரத்தில் வந்தது எலுமிச்சை மஞ்சளில், கையடக்கமாக, மற்ற மாம்பழம் எல்லாம் கடையை விட்டுப் போன பிறகு ஆனிக் கடைசியில் பழுத்தது. அறுத்தால் கொட்டைக்குள் கறுப்பு வண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

மாமனார் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீலம்.”

ஒட்டு செத்து அடிக்கன்று வளர்ந்ததா என்று பார்த்தோம். அது இல்லை. தண்டில் எட்டு அங்குல உயரத்தில் ஒட்டின் முடிச்சு தெளிவாகத் தெரிகிறது, மரம் முழுக்க அதற்கு மேலேதான் கிளைத்திருக்கிறது. அடிக்கன்று கூழ் ஆலைகளில் மிஞ்சுகிற கொட்டையிலிருந்து வந்ததாக இருக்கும். அது மேலே வந்திருந்தால் இவ்வளவு அச்சான நீலமாக இருக்காது. ஆக, ஒட்டு சரி, சீட்டுதான் தப்பு. கன்று உற்பத்தி ஆகிற ஊர் ஒன்று, சில்லறைக்கு விற்கிற ஊர் ஒன்று. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் இருக்கிறது, இங்கே சந்தூர் இருக்கிறது, லாரி லாரியாகக் கன்றுகள் தென்னிந்தியா முழுக்கப் போகின்றன. நடுவில் எங்கே சீட்டு மாறியது என்று யாரைக் கேட்பது? ஒட்டுக் கட்ட நீலத்தின் குச்சி தாராளமாகக் கிடைக்கும், இமாம் பசந்த் குச்சி கிடைப்பது அரிது. என் ஊகம் அவ்வளவோடு நிற்கிறது.

கன்றாக இருக்கும்போதே ரகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று மாமனாரைக் கேட்டேன். தளிரைக் கசக்கி முகர்ந்தால் சிலது தெரியும், ஆனால் அது முப்பது வருஷம் அதையே செய்தவர்களுக்கு என்றார். நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். தாய்மரம் எங்கே நிற்கிறது என்று காட்டக்கூடிய இடத்தில் வாங்குவது. வேளாண் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர், பெரியகுளம் நாற்றங்கால்களிலும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் அது கேட்டால் கிடைக்கும்.

ஏமாந்தது ஏமாந்ததுதான். ஆனாலும் சிரிப்பு வருகிறது. இமாம் பசந்த் கஞ்சத்தனமாகக் காய்க்கிற மரம். நீலம் வருஷம் தவறாமல் காய்க்கும். பன்னிரண்டடி அகலத் துண்டில் ஒரே ஒரு மாவுக்குத்தான் இடம் என்றால் எதை வைக்கலாம் என்று இன்று யாராவது கேட்டால், நீலம் என்றுதான் சொல்வேன். வண்டு இருக்கும், கொட்டையை உடைக்காமல் தின்ன வேண்டியதுதான். ஒவ்வொரு ஆடியிலும் அறுப்பு முடிந்ததும் கவாத்து செய்து பன்னிரண்டடி உயரத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

கொய்யா வர்தா புயலில் விழுந்தது. 2016 டிசம்பர் 12, மதியம். காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது, எங்கள் தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரம் ஒன்று மின்கம்பத்தோடு சாய்ந்தது. கொய்யா படுத்துக்கொண்ட மாதிரி கிழக்கே விழுந்து, வேரில் பாதி வானத்தைப் பார்த்தது. பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. கிளையில் வளையமாகப் பட்டையை உரித்து, ஈரப்பாசி வைத்துக் கட்டி, அங்கே வருகிற வேரோடு வெட்டி எடுப்பதுதான் பதியன். வேர் எல்லாம் பக்கவாட்டில்தான் ஓடும். காய் சீக்கிரம் வருவதும் ரகம் மாறாமல் இருப்பதும் இதன் லாபம், புயலில் சாய்வது நஷ்டம். ஆனால் கொய்யா மன்னிக்கிற மரம். மறுநாள் கிளை எல்லாம் கழித்து நாலடிக்கு மொட்டையடித்தோம், நைலான் கயிற்றை ஜன்னல் கம்பியில் மாட்டி மெல்ல நிமிர்த்தினோம், சவுக்குக் கம்பு மூன்றை முக்காலி மாதிரி ஊன்றினோம். மாசியில் துளிர்த்தது. கொய்யா புதுக் கிளையில்தான் காய்க்கும், அதனால் அந்த மொட்டை அதற்கு நல்லதாகவே போனது.

எலுமிச்சை முப்பது ரூபாய், அதுவும் கொட்டைக் கன்று. கொட்டைக் கன்றே கூடாது என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சாதா எலுமிச்சையின் ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தம் கலக்காமல் தாயின் திசுவிலிருந்து நேராக உருவானவை, தாய்மரத்தின் நகல். கொழுத்த முளையை வைத்துக்கொண்டு நோஞ்சானைப் பிடுங்கிவிட்டால் ரகம் மாறாது. எனவே எலுமிச்சைக்கு ஒட்டு வேண்டும் என்று கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை.

அதன் தொல்லை வேறு. இரண்டாம் வருஷம் புதுத்தளிர் எல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சிமெண்ட் கட்டிகள் மண்ணைச் சுண்ணாம்பாக்கி, மண்ணில் இருக்கிற இரும்பை வேருக்குக் கிடைக்காமல் செய்திருந்தன. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, அதில் பாதி எலுமிச்சை பிழிந்து சாயங்காலத்தில் தெளித்தேன். எலுமிச்சைக்கே எலுமிச்சை. பத்து நாளில் பச்சை திரும்பியது. ஆனால் நிலையான தீர்வு கடப்பாரைதான். சுற்றி மூன்றடிக்குத் தோண்டி இரண்டு சட்டி கட்டியை அள்ளிப் போட்டுவிட்டு மக்கிய எரு நிரப்பிய பிறகு அந்த மஞ்சள் திரும்பவில்லை. தளிரைத் தின்ன வருகிற, பறவை எச்சம் போலவே இருக்கும் புழுவைக் கையால் பொறுக்குகிறோம். சிலதை விட்டுவைக்கிறோம், வண்ணத்துப்பூச்சி அழகாக இருக்கிறது.

எட்டாவது கன்று

2018 ஆடியில் மறுபடி கன்று வாங்கப் போனேன், ஓர் அரசுப் பண்ணைக்கு. இந்தத் தடவை ஒரே ஒரு சப்போட்டா. தேர்ந்தெடுக்க நாற்பது நிமிஷம் எடுத்தேன், அங்கிருந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இருந்ததில் உயரமானதை விட்டுவிட்டேன். இரண்டடி உயரத்தில் ஏழெட்டை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் தண்டையும் மெல்லப் பிடித்து ஆட்டினேன். பைக்குள் மண் தனியாக, தண்டு தனியாக ஆடினால் அது சமீபத்தில் பைக்கு வந்தது. மூன்று அப்படிக் கழிந்தன. பையின் அடி ஓட்டையில் பார்த்தால் ஒன்றில் தடித்த வேர் வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தது. அதைப் பிடுங்கினால் வேர் அறும், உள்ளே சுற்றியும் இருக்கும், அதுவும் வேண்டாம். மீதியில் ஒட்டு முடிச்சைப் பார்த்தேன். விரல் வைத்துத் தடவினால் இரண்டு பக்கமும் ஒரே கனம், வெடிப்பு இல்லை. முடிச்சுக்கு மேலே முற்றிய இலைகள் இரண்டு அடுக்காவது இருக்க வேண்டும். இளந்தளிரோடு இருப்பது பார்க்க அழகு, வண்டியில் வரும்போதே வதங்கிவிடும். கடைசியாக, முடிச்சுக்குக் கீழே பாலைத் துளிர் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த இலையை எனக்கு இப்போது இருட்டிலும் தெரியும்.

நட்டது மேட்டில். மூன்றடிக் குழி எடுத்து, கட்டிகளைப் பொறுக்கி, செம்மண்ணும் தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, தரையை விட ஓர் அடி உயர்த்தி மண் அணைத்து, அதன் உச்சியில் வைத்தேன். பையை அடியிலிருந்து மேல்வரை பிளேடால் கீறி உரித்தபோது வெள்ளைச் சல்லி வேர் மண்ணுருண்டை முழுக்கப் படர்ந்திருந்தது. ஐப்பசியில் அடுத்த தளிர் வந்ததும் நாடாவை அறுத்தேன்.

2019-இல் சென்னையின் ஏரிகள் வற்றி, எங்கள் போரும் இருமிக்கொண்டு கிடந்தது. அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும்தான் அதற்கு. ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் ஊற்றவில்லை, அதில் இருக்கிற உப்பு போர் தண்ணீரை விட அதிகம். கன்று ஓர் இலைகூடச் சுருட்டவில்லை. பாலை வேர் எதற்கு என்பது அந்தக் கோடையில் புரிந்தது. 2022-இல் காய் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் மறுபடி இரண்டு நாள் தண்ணீர் நின்றபோது அது மேட்டில் கால் நனையாமல் நின்றது.

சப்போட்டாவை எப்போது பறிப்பது என்பதில் இன்னும் தடுமாறுகிறேன். தோலின் பழுப்புத் தூள் உதிர்ந்து, நகத்தால் கீறினால் அடியில் பச்சைக்குப் பதில் மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். கீறிக் கீறியே போன வருஷம் எட்டுக் காயைக் கெடுத்தேன். பறித்ததை அரிசி டிரம்மில் புதைத்தால் ஐந்தாறு நாளில் பழுக்கிறது.

பழைய பாலை பத்தடி உயரத்தில் அதே இடத்தில் இருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. அதன் நிழல் புது சப்போட்டா மேல் விழுகிறது, இடத்தையும் அடைக்கிறது, கணக்குப்படி அதை எடுத்துவிட வேண்டும். போன மாதம் மதில் பக்கம் நீண்ட கிளையையாவது கழிக்கலாம் என்று அரிவாளோடு போனேன். மாடியிலிருந்து அக்கா சத்தம் போட்டார். கிளை அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது.